சாரலுக்குச் சைபர்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகிற காரியத்தில் பாதி என் கோபத்தால் கெட்டது, மீதி ஒரு சைபரால் கெட்டது. இரண்டும் என்னுடையவை மட்டும்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் துறையில் இருக்கிறேன். ஒரு செடியையோ மரத்தையோ எங்கெங்கே பார்த்திருக்கிறார்கள் என்று இடங்களைக் குறித்துக்கொள்வோம். அந்த இடங்களில் எவ்வளவு மழை, எவ்வளவு சூடு, எந்த மாதம் ஈரம், எவ்வளவு உயரம் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் கொடுப்போம். அது கூட்டிக் கழித்துப் பார்த்து, இதே மாதிரி இடம் வேறெங்கே இருக்கிறது என்று மலை முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து நிறம் பூசிக் காட்டும். சிவப்பு என்றால் அங்கே பிழைக்கும். நீலம் என்றால் பிழைக்காது. நடுவில் மஞ்சளும் பச்சையும். அவ்வளவுதான் விஷயம். கல்யாண வீட்டில் யாராவது பிடித்துக் கேட்டால், மரங்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கிறேன் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன்.

மதினி மட்டும் அதற்கு, வாடகைக்கா சொந்தமாகவா என்று முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மதினி என்பது என் பெரியப்பா மகனுடைய மனைவி. அண்ணன் குற்றாலத்துக்கு மேலே மலைச்சரிவில் ஒரு தனியார் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தான். கிராம்பும் ஜாதிக்காயும் மங்குஸ்தானும் போட்ட சின்ன எஸ்டேட். வேலைக்கு வருகிற ஆட்களைப் பார்த்துக்கொள்வது, காய் பறிப்பை மேற்பார்வை செய்வது எல்லாம் அவன் பொறுப்பு. எஸ்டேட் கொடுத்த வீட்டிலேயே இரண்டு பேரும் இருபத்திரண்டு வருடம் இருந்தார்கள். பிள்ளைகள் கிடையாது. வீட்டுக்கு முன்னால் ஒரு மழைமானி நட்டிருந்தது. காலை எட்டரை மணிக்கு அண்ணன் அதைத் திறந்து, விழுந்திருக்கும் மழையை அளந்து நோட்டில் எழுதுவான். அதில் அவனுக்கு ஒரு தனிப் பெருமை. விருந்தாளிகள் வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, எட்டரை ஆனால் பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவான். மதினி எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள்.

வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் அந்த மரம் நின்றது. நாவல் இனத்தில் ஒரு காட்டு வகை. தெற்கே உள்ள மலைகளில் ஐந்தாறு இடங்களில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். குற்றாலம் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்து இந்த ஒன்றுதான். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கைகள் எட்டாது. பழம் வருடா வருடம் வராது. வந்தாலும் விதையைக் காயவைத்து எடுத்துவைக்க வழி கிடையாது, காய்ந்தால் செத்துவிடும். விழுந்த ஈரத்தோடு மண்ணில் போட்டால்தான் உண்டு. கடைசியாகக் காய்த்த வருடம் மதினி பொறுக்கிப் போட்ட விதைகளில் நாற்பத்து மூன்று முளைத்தன. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் மண் அடைத்து வைத்து, பின்வாசலை ஒட்டி வரிசையாக அடுக்கி வளர்த்தாள்.

அடுத்த தை மாதம் அண்ணன் இறந்துபோனான். மாரடைப்பு. குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வீட்டில் மதினியே இருந்துகொள்ளட்டும் என்று எஸ்டேட்டில் விட்டுவிட்டார்கள். அதே வருடம் ஆடிக் காற்றில் மரம் வேரோடு சாய்ந்தது. மதினி எனக்குப் போன் செய்து, மரம் போயிட்டுட்டி என்று சொல்லி அழுதாள். அண்ணன் சாவில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் அந்த நாற்பத்து மூன்று பைகளும் என்னவென்று எனக்கு முழுதாகப் புரிந்தது. தாய்மரம் போய்விட்டது, இனி விதை கிடையாது. அவையும் செத்தால் இந்தப் பக்கத்தில் அந்த மரம் கிடையாது.

துறையில் நான்தான் பேசிப் பேசி இதை எடுத்தேன். மரம் வளர்க்கும் குழு ஒன்று கூடச் சேர்ந்துகொண்டது. நடுவதற்கு இரண்டு இடம் இருந்தது. ஒன்று, மதினி வீட்டுப் பின்னால் அதே ஓடைக்கரை, எஸ்டேட்டில் சம்மதம் கொடுத்துவிட்டார்கள். இன்னொன்று, வடக்கே சிவகிரிப் பக்கத்து மலையில் அந்தக் குழு ஏற்கெனவே மரம் வைத்துக்கொண்டிருந்த ஒரு சரிவு. எது நல்லது என்று சொல்ல வேண்டியது நான்.

மதினிக்கு அதில் சந்தேகமே இல்லை. தாய்மரம் நின்ற இடத்தைச் சுற்றி வைப்போம் என்றாள். பொறுங்கள், கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது பார்ப்போம் என்றேன். கம்ப்யூட்டர் மலைக்கு வந்து பார்த்ததா என்று கேட்டாள். இப்படித்தான் எப்போதும் வாரிக்கொண்டே இருப்பாள். நானும் பதிலுக்கு வாருவேன். எங்களுக்குள் அதெல்லாம் சகஜம்.

எங்கள் வேலையில் எப்போதும் இடறுகிற இடம் மழைதான். மலையில் மழைமானிகள் குறைவு. உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பெரிய கட்டத்துக்கு ஒரு எண் என்று சராசரியாகக் கொடுத்திருப்பார்கள். அதில் குற்றாலத்து மலையும் கீழே இலத்தூர்க் குளமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். குளத்துக் கரையில் நின்றால் மலை மூடிக் கிடப்பது தெரியும், நம் தலையில் வெயில் அடிக்கும். அந்த வித்தியாசமெல்லாம் அந்த எண்ணுக்குள் வராது. இதை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணனுடைய நோட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. இருபத்திரண்டு வருட மழை, ஒரே இடத்தில், ஒரே கையால் எழுதியது. யாருக்குக் கிடைக்கும்? மதினியிடம் கேட்டதும் பீரோவைத் திறந்து அவன் வேட்டிகளுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"உங்கண்ணன் எழுதுனது ஒருத்தருக்காவது ஆகுதே" என்றாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

புரட்டாசியில் லீவு போட்டுவிட்டு மூன்று நாள் அங்கேயே தங்கினேன். அண்ணன் கையெழுத்து எனக்குப் பிடிபடவில்லை. மதினிக்கு அது பழகின கையெழுத்து. ஆகவே அவள் வாசிப்பது, நான் லேப்டாப்பில் தட்டுவது என்று வைத்துக்கொண்டோம். அவள் சமையலறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு விரலை வரிமேல் வைத்து நகர்த்திக்கொண்டே வாசிப்பாள். பன்னிரண்டு, நாலு, சைபர், சைபர், ஏழரை. மழை பெய்த நாளுக்கு அளவு, பெய்யாத நாளுக்குச் சைபர். நடுநடுவே அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வரும். இது உன் தங்கச்சி கல்யாணத்தன்னைக்குப் பெஞ்ச மழை என்பாள். அது ஒரு பத்து நிமிடம் ஓடும். எனக்கு அவசரம். மதினி, அடுத்தது, அடுத்தது என்று விரட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆனி மாதப் பக்கம் வந்தது. சாரல் என்று வாசித்தாள். அடுத்த நாளும் சாரல், அதற்கடுத்த நாளும் சாரல். பக்கத்தில் அளவு எதுவும் இல்லை. சாரல் நாட்களில் அண்ணன் மழைமானியில் கிடப்பதை அளக்காமலே கொட்டிவிட்டு, நோட்டில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதுவான். நான் சைபர் தட்டினேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் மேற்கே கேரளத்தில் கொட்டுகிற மழையின் மிச்சம் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றோடு எங்கள் பக்கம் வரும். துணி நாலு நாளானாலும் காயாது. உப்பு கசியும். தீப்பெட்டி நமுத்துப்போகும். குடை பிடித்தாலும் பக்கவாட்டில் வந்து முகத்தை நனைத்துவிடும், அதனால் யாரும் குடையை விரிக்கவே மாட்டார்கள். இத்தனைக்கும் பிறகு எங்கள் ஊரில் யாரையாவது நிறுத்தி மழை உண்டா என்று கேட்டுப் பாருங்கள். மழையில்ல, சாரல்தான் என்பார்கள். மழை என்றால் எங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில் ஓட்டின்மேல் சத்தம்போட்டுப் பெய்ய வேண்டும். சாரல் என்பது சீசன், அருவியில் தண்ணீர், வெளியூர்க் கூட்டம், மங்குஸ்தான் பழம். அதைப் போய் மழை என்று யார் சொல்வார்கள்? அண்ணனும் சொல்லவில்லை. நானும் தென்காசிக்காரி, எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை.

இரண்டாம் நாள் வேலை சூடுபிடித்தது. ஒவ்வொரு வருடமும் ஆனி ஆடி வந்தால் பக்கம் பக்கமாகச் சாரல். மதினி சாரல் என்று சொல்லச் சொல்ல, நான் சைபர், சைபர் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவளும் நேரடியாக சைபர், சைபர், சைபர் என்றே வாசிக்க ஆரம்பித்தாள். அப்படி வாசித்தால் எனக்கும் சுலபமாக இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் எல்லா நோட்டும் முடிந்தது. மதினி கடைசி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, இவ்வளவுதானா என்றாள். அவளுக்கு இன்னும் நாலு நாள் வாசித்தால் தேவலை போல இருந்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மேப் வந்தது. சிவகிரிப் பக்கத்துச் சரிவு நல்ல சிவப்பு. மதினி வீட்டுப் பின்புறம் நீலம், அதுவும் கரு நீலம்.

காரணம் எனக்கு அப்போது தெளிவாக இருந்தது. அந்த மரம் நிற்கிற மற்ற இடங்களில் எல்லாம் ஆனி ஆடியில் நல்ல ஈரம். எஸ்டேட்டிலோ, நான் தட்டியபடி பார்த்தால், மூன்று மாதத்துக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. சிவகிரிப் பக்கத்து மலைக்கு நோட்டு எழுத ஒரு ரைட்டர் இருந்ததில்லை. அதற்கு உலகக் கணக்கிலிருந்தே எண்ணை எடுத்தேன். அதில் அந்த மாதங்களுக்கும் ஏதோ கொஞ்சம் மழை போட்டிருந்தது. கொஞ்சம் என்பது சைபரைவிடப் பெரிதுதானே.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. தாய்மரம் அந்தக் கரு நீலத்துக்கு நடுவில் நின்றிருந்தது. பிழைக்கவே முடியாது என்று கம்ப்யூட்டர் சொல்கிற இடத்தில் இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற மரம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எஸ்டேட் போட்ட காலத்தில் யாரோ கொண்டுவந்து வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரமாக இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். மனிதர்கள் நட்டு வளர்த்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் உள்ள வழக்கம்தான். அந்த ஒரு புள்ளியை எடுத்துவிட்டேன். எடுத்ததும் மேப் இன்னும் சுத்தமாக வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

லேப்டாப்பைக் கொண்டுபோய் மதினியிடம் காட்டினேன். எங்க வீடு எங்கன என்று கேட்டாள். காட்டினேன். அந்த நீலத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மரம் இங்கனதானட்டி நின்னுச்சு?" என்றாள்.

யாராவது கொண்டுவந்து வைத்திருப்பார்கள் என்றேன். யார் வைத்தார்கள் என்றாள். எனக்குத் தெரியாது, யாராவது வைத்திருப்பார்கள் என்றேன். அதற்கும் மேலே அவள், எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டாம், பத்துப் பை மட்டும் இங்கே இருக்கட்டும், ஓடைக்கரையில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். இரண்டு மாதமாக நான் தூக்கமில்லாமல் செய்த வேலை. இவ்வளவு சொன்ன பிறகும் கேட்காமல் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாளே என்று எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. இருப்பதே நாற்பத்து மூன்று, அதில் பத்தைச் சாகக் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் என்றைக்கு நின்றிருக்கிறது?

"அண்ணனும் போயாச்சு, மரமும் போயாச்சு, பாத்துக்கிட்டு இருக்க ஏதாவது வேணும்னு உங்களுக்கு ஆச. உங்க ஆசைக்கு மரம் வளராது மதினி" என்றேன்.

மதினி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்து முடித்து மறுபடியும் துடைத்தாள்.

"சரிட்டி. படிச்சவ நீ சொல்லுத. எல்லாத்தையும் கொண்டு போ" என்றாள்.

இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு கூசுகிறது.

ஐப்பசி மழையில் நட்டோம். மதினி வண்டியில் கூடவே வந்தாள். பைகள் சரிந்துவிடாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, சிவகிரி வருகிற வரைக்கும் பின்பக்கம் செடிகளோடுதான் உட்கார்ந்திருந்தாள். மேலே ஏறி ஒவ்வொன்றையும் குழியில் இறக்கும்போது அதனதன் சங்கதியைச் சொன்னாள். இது கடைசியாக முளைத்தது, இதைப் புழு தின்று ஒரு தடவை மொட்டையாகி மறுபடி துளிர்த்தது, இது உங்கண்ணன் கையால் பைக்கு மாற்றியது. குழுவிலிருந்த ஆட்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் சொன்னதை அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன், எனக்கு அது வசதியாக இருந்தது. வைகாசி வரைக்கும் தண்ணீர் ஊற்றினால் போதும், ஆனியிலிருந்து மழை பார்த்துக்கொள்ளும் என்று திட்டத்தில் எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

ஆனி பிறந்தது. மழை வரவில்லை. காற்று வந்தது. அந்தச் சரிவில் ஆனி ஆடி என்றாலே வறண்ட காற்றுதான் என்பது கீழே ஆடு மேய்க்கிறவர்களுக்கெல்லாம் தெரியும் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நான் யாரிடமும் கேட்கவில்லையே. எண்ணைக் கையில் வைத்திருக்கிறவள் எதற்குக் கேட்க வேண்டும்?

குழுவிலிருந்து போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது இலையெல்லாம் முறுகிச் சுருண்டிருந்தது. செடி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்போம். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். முதல் செடியில் பச்சை இல்லை. இரண்டாவதில் இல்லை. காற்று என்னைத் தள்ளிக்கொண்டே இருந்தது, நான் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகக் கீறிக்கொண்டே போனேன். புழு தின்று மறுபடி துளிர்த்தது எது, அண்ணன் கையால் மாற்றியது எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. நாற்பத்து மூன்றையும் கீறினேன். ஒன்றிலும் பச்சை இல்லை.

அங்கிருந்தே மதினிக்குப் போன் செய்தேன். எல்லாமா என்று மட்டும் கேட்டாள். எல்லாம் என்றேன். சரி, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

துறையில் கூட்டம் போட்டு எங்கே தப்பு நடந்தது என்று பேசினோம். எஸ்டேட் நோட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு ரைட்டர் எழுதியது, அவர் தினமும் அளந்தாரா, வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே சைபர் போட்டாரா, யாருக்குத் தெரியும் என்றார் ஒருவர். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். எட்டரை மணிக்குக் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற அண்ணனை என் கண்ணால் பார்த்தவள் நான். ஆனாலும் தலையாட்டினேன். நோட்டு நம்பத் தகுந்ததாக இல்லை என்று அறிக்கையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள்.

அந்த வரியை எழுத உட்கார்ந்தேன். துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த தருமபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என் மேசையில் இருந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், மாசம் பூரா சாரல்னு எழுதியிருக்காரே, இதுக்கு நீங்க எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டாள்.

சைபர் என்றேன். ஏன் என்றாள். அது சாரல்தானே, மழையில்லையே என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் நான் சொன்னது எனக்கே உறைத்துவிட்டது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பாவம், மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தாள். அதுவும் தண்ணிதானே மேடம் என்றாள்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். மழை பெய்யாத நாளுக்கு அண்ணன் சைபர் போட்டிருக்கிறான். சாரல் நாளுக்குச் சாரல் என்று எழுதியிருக்கிறான். இரண்டும் வேறு என்று அவன் ஒழுங்காகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறான். இரண்டையும் ஒன்றாக்கியது நான். வெளியூர்க்காரி எவள் உட்கார்ந்து தட்டியிருந்தாலும் முதல் சாரலிலேயே நிறுத்தி, இது என்ன என்று கேட்டிருப்பாள். எனக்குத் தெரிந்த ஊர் என்பதால்தான் நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நோட்டுகளையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மதினியிடம் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில். நோட்டின்மேல் பழி விழுந்துவிடக் கூடாது, அண்ணன்மேல் விழுந்துவிடக் கூடாது. அதைச் சொல்லிவிட்டால் என் மனதில் உள்ள பாரமும் இறங்கும் என்று இருந்தது. அதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

ஆவணி மாதம். குற்றாலத்தில் சீசன் முடிகிற கூட்டம், ரோடு முழுக்க வெளியூர் வண்டிகள், சிப்ஸ் கடைகளில் எண்ணெய் வாடை. எஸ்டேட் பாதையில் ஏறும்போது சாரல் முகத்தில் அடித்தது. நான் பிறந்ததிலிருந்து முகத்தில் வாங்குகிற சாரல். மேலே போய்ச் சேர்வதற்குள் சேலை உடம்போடு ஒட்டிவிட்டது, பிழிந்தால் தண்ணீர் வரும். மழையில்லை என்று இதைத்தான் நான் எழுதியிருக்கிறேன். நடுப்பாதையில் நின்று அழுதேன்.

மதினி வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தாள். தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தாள். காப்பி வேண்டாம், முதலில் உட்காருங்கள் என்றேன்.

"நோட்டு சரிதான் மதினி. அண்ணன் சரியாத்தான் எழுதியிருக்கான். சாரலுக்கெல்லாம் சைபர் போட்டது நான். அதுலதான் எல்லாம் கெட்டுச்சு. தப்பு என்மேலதான்" என்றேன்.

அவள் நோட்டை வாங்கி ஆனி மாதப் பக்கத்தைத் திறந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அன்றைக்குப் போலவே ஒரு விரலை வரிமேல் வைத்து நகர்த்தினாள். விரல் பாதிப் பக்கத்தில் நின்றுவிட்டது.

"ஏட்டி, வாசிச்சது நான்லா" என்றாள்.

நான் பதறிப்போனேன். இல்லை மதினி, நான் சைபர் என்று சொன்ன பிறகுதான் நீங்கள் அப்படி வாசித்தீர்கள், என்னால்தான், நான் விரட்டியதால்தான் என்று என்னென்னவோ சொன்னேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

"மொதல்ல சாரல்னுதான் வாசிச்சேன். பொறவு நானா சைபர் சைபர்னு வாசிச்சேன். அவிய எழுதி வச்சிருந்தத நான் மாத்தி வாசிச்சிருக்கேன்" என்றாள்.

அழுதாள். மரம் விழுந்த அன்று போனில் கேட்ட அதே அழுகை. அதுவரைக்கும் அவளைப் பொறுத்தவரை செடிகள் செத்தது காற்றால், இல்லாவிட்டால் கம்ப்யூட்டரால், இல்லாவிட்டால் என்னால். என்மேல் கோபமாவது இருந்திருக்கும். நான் என் பாரத்தை இறக்கி வைக்கிறேன் என்று வந்து அதை அவள் தலையில் ஏற்றிவிட்டேன். பேசாமல் இருந்திருந்தால் அவளுக்கு இது தெரியவே வந்திருக்காது. அன்றைக்கு என் வாயை நானே சபித்தேன்.

வெகு நேரம் கழித்து அவளே முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். சமையலறை வாசலில் அதே இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். லேப்டாப்பை எடு, மறுபடி வாசிக்கிறேன் என்றாள். இனிமேல் எதற்கு மதினி என்றேன். உங்கண்ணன் எழுதியது எழுதியபடி இருக்கட்டும் என்றாள். லேப்டாப்பைத் திறந்தேன்.

இந்தத் தடவை இரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வொரு சாரலையும் சாரல் என்றே வாசித்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. கல்யாணத்தன்று பெய்த மழையைப் பற்றி இப்போது அவளும் பேசவில்லை. சாரலுக்கு என்ன அளவு போடுவது என்று எனக்குத் தெரியாததால், மழைமானியில் சேர்ந்து கிடந்ததைக் கொட்டிவிட்டு, மறுநாள் காலை எட்டரை மணிக்குத் திறந்து பார்க்கலாம் என்றேன். மதினிதான் திறந்தாள். அந்த வீட்டில் சாரலை அளந்தது அதுதான் முதல் தடவை. அதிகம் ஒன்றுமில்லை, அடியில் கொஞ்சம் கிடந்தது. ஆனால் கிடந்தது. மூன்று மாதத்துக்குத் தினமும் அந்தக் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டேன். தூக்கி எறிந்த தாய்மரத்தின் புள்ளியையும் திரும்ப வைத்தேன்.

மேப் வந்தது. திரையைத் திருப்பி மதினியிடம் காட்டினேன். எங்க வீடு எங்கன என்று கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்தாள். ஓடைக்கரை முழுக்க நல்ல சிவப்பு, அந்த மலையிலேயே அதைவிடச் சிவப்பான இடம் இல்லை.

"செவப்புன்னா பொழைக்கும், இல்லியா?" என்றாள்.

ஆமாம் என்றேன். பின்வாசல் கதவு திறந்திருந்தது. பைகள் அடுக்கியிருந்த இடத்தில் வட்ட வட்டமாகத் தடம் இன்னும் அப்படியே இருந்தது, அதன்மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மதினி விரலைத் திரையிலிருந்து எடுக்காமலே அங்கே பார்த்தாள்.

"பத்துப் பை கேட்டேன்லா" என்றாள்.

ஆமா மதினி, கேட்டீங்க என்றேன்.